மாத வாடகை ஒரு டொலர்

போன தை மாதம் பேஸ்மென்ற்றைத் துப்புரவாக்கும்போது நான் ஒரு பெரிய பிழை விட்டேன். பழைய பள்ளிக்கூடக் கடதாசிகள் என்று நினைத்து ஒரு மட்டைப் பெட்டியைத் தூக்கி நீல பின்னுக்குள் போட்டுவிட்டேன். அடுத்த நாள் விடிய லொறி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பின்னேரம் மகள் வந்து கேட்டபோதுதான் விளங்கியது, அதற்குள் இருந்தது அவள் மூன்று வருசமாகக் கீறிச் சேர்த்து வைத்த படங்கள் என்று.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. கத்தவில்லை, அழவும் இல்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு வசனம் சொன்னாள்: "நீங்கள் திறந்து பாத்திருக்கலாம், அப்பா."

உண்மைதான். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் கணக்கு ரியூசன் கொப்பி முழுக்க அவள் மரம் கீறி வைத்திருந்ததைப் பார்த்துப் பேசியிருந்தேன். "இதை வச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன். பதினாறு வயதில் நான் கிற்றார் வாங்கித் தரச் சொல்லி நின்றபோது என்ர அப்பா கேட்ட அதே கேள்வி, அதே தொனி. ஆனால் அப்பா அப்போது பகலில் ஒரு ஃபக்டரி, இரவில் ஒரு ரெஸ்ரோறன்ட் என்று இரண்டு வேலை செய்தவர். மூன்று வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்காபரோவில் ஒரு அறையில் இருந்து தொடங்கியவர். அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் இருந்தது. மென்பொருள் வேலை, மார்க்கத்தில் வீடு, கராஜில் இரண்டு கார் என்று இருக்கிற எனக்கு என்ன காரணம்?

சமாதானத்துக்காக, "எங்க போகலாம் சொல்லு" என்று கேட்டேன். கிளைன்பேர்க் என்றாள். பள்ளிக்கூடத்தில் ரொம் தொம்சன் பற்றி ஒரு புரொஜெக்ற் செய்தவளாம். எனக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும்.

கிளைன்பேர்க்: ஒரு கொட்டில்

ரொறன்ரோவுக்கு வடமேற்கே இருக்கிறது கிளைன்பேர்க். அங்கே மரங்களுக்கு நடுவில் மக்மைக்கல் ஓவியக் காட்சியகம். மாசி மாதம், முழங்கால் வரைக்கும் ஸ்நோ. அப்பாவும் வந்தார். "வீட்டில இருந்து என்ன செய்யிறது" என்பதுதான் அவருடைய காரணம்.

உள்ளே இருக்கிற படங்களைப் பார்க்க முன்னரே மகள் எங்களை வெளியில் ஒரு சின்ன மரக் கட்டிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊரில் தோட்டத்து மூலையில் விறகும் மண்வெட்டியும் வைக்கிற கொட்டில் மாதிரி. இதுதான் தொம்சன் வாழ்ந்து படம் கீறிய இடம்.

உண்மையில் இது இங்கே இருந்ததில்லை. ரொறன்ரோ நகரத்துக்குள், றோஸ்டேல் பள்ளத்தாக்கு ஓரம், செவேர்ன் வீதியில் இருந்தது. 1914இல் அங்கே ஓவியர்களுக்கென்றே ஸ்ரூடியோக்கள் உள்ள ஒரு கட்டிடம் கட்டப்பட்டது. காசு போட்டவர்கள் ஓவியர் லோரன் ஹரிஸும் கண் வைத்தியர் ஜேம்ஸ் மக்கலமும். அந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு பழைய தச்சுப் பட்டறை கிடந்தது. அதைத் திருத்தித் தொம்சனுக்குக் கொடுத்தார்கள். வாடகை மாசம் ஒரு டொலர். அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, 1962இல், கொட்டிலை அப்படியே கிளைன்பேர்க்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஒரு டொலரோ?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். பிறகு கூரையையும் பலகையையும் பார்த்து, "இதுக்குள்ள குளிருக்கு என்னெண்டு இருந்தவன்?" என்றார். அடுப்பு வைத்திருந்தாராம். அதற்குள்ளேயே சமையல், நித்திரை, படம். இரவில் ஸ்நோ சப்பாத்துப் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்கில் நடப்பாராம். மீன் தூண்டிலுக்கு இரை, கோடரிப் பிடி, துடுப்பு எல்லாம் தானே செய்வாராம்.

இந்தக் கொட்டிலுக்குள் நின்றுதான் 'ஜாக் பைன்', 'மேற்குக் காற்று' என்ற இரண்டு பெரிய படங்களையும் அவர் வரைந்தார். கனடாவில் படித்த எந்தப் பிள்ளையும் ஏதோ ஒரு பாடப்புத்தகத்தில் அந்த மரங்களைப் பார்த்திருக்கும். நானும் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பது மட்டும்தான்.

யார் காசு கொடுத்தது?

மகள் என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அவருக்கு ஆர் காசு குடுத்தது?" நாங்கள் வளர்த்த பிள்ளை அல்லவா. அன்றிரவு இருந்து வாசித்தேன்.

தொம்சன் 1877இல் ஒன்ராறியோவில் பிறந்தவர். ஓவன் சவுண்டுக்குக் கிட்ட, லீத் என்ற ஊரில் கமக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவர். பெரிய ஓவியக் கல்லூரி ஒன்றிலும் படித்ததில்லை. ரொறன்ரோவில் 'கிறிப்' என்ற நிறுவனத்தில் விளம்பரங்களுக்கு எழுத்தும் அலங்காரமும் செய்கிற வேலை. இன்றைக்கு என்றால் கிராபிக் டிசைனர் என்று சொல்லுவோம். அங்கே கூட வேலை செய்தவர்களில் ஜே.ஈ.எச். மக்டொனால்ட், ஆர்தர் லிஸ்மர் போன்றோர் பிறகு 1920இல் 'குறூப் ஒஃப் செவன்' என்று பெயரெடுத்தவர்கள். வார இறுதியில் நகருக்கு வெளியே போய்ப் படம் கீறுகிற பழக்கம் அந்தக் கூட்டத்தில் இருந்துதான் வந்தது.

1912இல், 34 வயதில், முதல் தரம் அல்கோங்குவின் பூங்காவுக்குப் போனார். அதே வருடம் வடக்கே ஒரு நீண்ட கனூப் பயணத்தில் வள்ளம் கவிழ்ந்து, வரைந்ததில் பெரும்பகுதி ஆற்றோடு போய்விட்டது. இதை வாசித்தபோது எனக்கு நீல பின் ஞாபகம் வந்தது. அவர் திரும்பி வந்து அடுத்த வருடமே ஒரு படத்தை ஒன்ராறியோ அரசாங்கத்துக்கு 250 டொலருக்கு விற்றார்.

அப்போதுதான் மக்கலம் என்ற அந்தக் கண் வைத்தியர் கேட்டார்: ஒரு வருடச் செலவை நான் தருகிறேன், முழு நேரமும் படம் கீறிப் பார்க்கிறாயா? ஏ.வை. ஜக்சன் என்ற ஓவியரிடமும் அதையே கேட்டார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு வருடம்தான். அதன் பிறகு தொம்சன் கோடையில் மீன்பிடிக்க வருபவர்களுக்கு வழிகாட்டியாகப் போனார். 1916இல் காட்டுத் தீக் காவலராகச் சம்பளத்துக்கு வேலை செய்தார். இடையில் தேசியக் காட்சியகம் ஒரு படத்தை 500 டொலருக்கு வாங்கியது.

"வேலையை விட்டிட்டுக் காட்டுக்குப் போன சுதந்திர மனிசன்" என்றுதான் கதை சொல்லுவார்கள். கணக்குப் பார்த்தால் கதை வேறு. கையில் ஒரு தொழில், கூட வேலை செய்த நல்ல ஆட்கள், ஒரு வைத்தியரின் ஒரு வருடக் காசு, ஒரு டொலர்க் கொட்டில், கோடைக்கால வேலை. இவ்வளவும் சேர்ந்துதான் அந்தப் படங்கள் வந்தன. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் நாங்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெளியில் சின்னது, உள்ளே பெரியது

காட்சியகத்துக்குள் அவருடைய சின்னப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. பலகையில் எண்ணெய் வர்ணம். அளவு பெரும்பாலும் எட்டரைக்குப் பத்தரை அங்குலம். நாங்கள் வேலையிடத்தில் பிரிண்ட் எடுக்கிற தாளை விட அரை அங்குலம் கட்டை, அவ்வளவுதான். பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் செருகி வைக்க ஒரு மரப் பெட்டி. பெட்டியை மடியில் வைத்து, கனூவிலோ பாறையிலோ இருந்து, வெளிச்சம் மாற முன்னர் ஒரே இருப்பில் முடித்துவிடுவார்.

கிட்டப் போய்ப் பார்த்தால் மரமும் இல்லை, இலையும் இல்லை. தடித்த வர்ணக் கோடுகள். சில இடத்தில் வெறும் பலகையே தெரியும். இரண்டு அடி பின்னால் வந்தால் குளிர் காற்று அடிக்கிறது. இப்படி ஏறத்தாழ 400 பலகைகள் அவரிடமிருந்து வந்தன. பெரிய கன்வஸ் படங்கள் ஐம்பதளவில்தான்.

வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரைக்கும் காடு. குளிருக்குக் கொட்டில். அங்கே பலகைகளை எல்லாம் பரப்பி, ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பெரிதாக வரைவார். 'ஜாக் பைன்' அப்படித்தான் வந்தது. 1916இல் அல்கோங்குவினின் கிழக்குப் பக்கம் கிராண்ட் லேக் கரையில் கீறிய ஒரு பலகை, குளிர் காலத்தில் கொட்டிலுக்குள் 127.9க்கு 139.8 சென்ரிமீற்றர் படமானது. எங்கட தொழிலில் நூறு புரோட்டோடைப் செய்தால் பத்துத்தான் ஆட்களின் கைக்குப் போகும். எனக்கு அது விளங்குகிற கணக்கு. மிச்சத் தொண்ணூறையும் வீண் என்று யாரும் சொல்லுவதில்லை. மகளின் பெட்டிக்குள் இருந்தது அந்தத் தொண்ணூறுதான்.

கனூ லேக்

ஆடி மாதம் அல்கோங்குவினுக்குப் போனோம். ரொறன்ரோவில் இருந்து மேற்கு வாசலுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் உள்ளே 14 கிலோமீற்றர் போனால் கனூ லேக். தொம்சன் அதிகம் தங்கியது இந்த ஏரியில்தான். 1917 ஆடி 8ஆம் திகதி மத்தியானம் கனூவில் தனியாகப் போனார். அன்றைக்கே கனூ மட்டும் மிதந்தது. எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. வயது 39. தற்செயலாக மூழ்கியது என்று தீர்த்தார்கள். அதைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் ஆட்கள் கதை கதையாக எழுதுகிறார்கள். மகளுக்கு அதில் அக்கறை இல்லை. "எப்பிடிச் செத்தவர் எண்டு எல்லாரும் கேக்கினம். எப்பிடிக் கீறினவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.

அதே வருடம் புரட்டாதியில் நண்பர்கள் ஏரிக்கரை மேட்டில் அவருக்குக் கற்களால் ஒரு நினைவுத்தூண் கட்டினார்கள். அங்கே போக வீதி இல்லை, தண்ணீர்தான் வழி. மனைவி சின்னவனோடு கரையில் நிற்க, நான், மகள், அப்பா மூவரும் ஒரு கனூ எடுத்தோம்.

அப்பா மயிலிட்டிக்காரர். 1990இல் ஊர் எழும்பியதற்குப் பிறகு அவர் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. "உங்களுக்கு ஏலுமோ?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பின்னுக்குப் போய் இருந்தார். துடுப்பு வேறு மாதிரி, தண்ணீர் வேறு மாதிரி. முதல் பத்து நிமிசம் நாங்கள் சுற்றிச் சுற்றியே போனோம். பிறகு, "நீ சும்மா இரு, தண்ணியைக் குழப்பாத" என்று சொல்லிவிட்டுத் தானே கொண்டுபோனார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

தூணடியில் ஏறி நின்று ஏரியைப் பார்த்தோம். சரியான வடிவு. ஒரு வீடு, ஒரு சத்தம் இல்லை. அப்பா கேட்டார், "இது ஆற்ற காணி?"

பூங்கா 1893இல் உருவானது என்று சொன்னேன். அதற்கு முன்னரும் பிறகும் மரக் கம்பனிகள் இங்கே பைன் வெட்டின. இந்த ஏரிக்கரையிலேயே மர ஆலையும் அதைச் சுற்றி ஒரு ஊரும் இருந்தன. தொம்சன் வந்தபோது கரையெல்லாம் வெட்டிய அடிக்கட்டைகள். அவருடைய பலகைகளில் மரம் இறக்குகிற அணைக்கட்டுகளையும் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் இது அல்கோங்குவின் பழங்குடி மக்களின் நிலம். பூங்கா ஆன பிறகு அவர்களுக்கு இங்கே வேட்டைக்கும் பொறி வைப்பதற்கும் தடை வந்தது. நிலம் பற்றி அரசாங்கங்களோடு இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2016இல் ஒரு கொள்கை அளவிலான உடன்பாடு கையெழுத்தானது.

அப்பா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மயிலிட்டித் துறைமுகத்தை ராணுவம் 2017இல் விட்ட பிறகு அவர் ஒருக்காப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். "அங்கையும் இப்பிடித்தான்" என்றார். "வீடும் இல்லை, ஆக்களும் இல்லை. பத்தை வளந்து, கடல் தெரிய, படம் எடுக்க வடிவாத்தான் இருந்தது."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

என்ன நிறம்?

வீட்டிலேயே ஒட்டுப்பலகையை எட்டரைக்குப் பத்தரையாக வெட்டிக் கொண்டுவந்திருந்தோம். எண்ணெய் வர்ணம் காயாது என்று அக்ரிலிக். ஒரு பலகைக்கு ஒரு மணித்தியாலம் என்று அவளே சட்டம் போட்டாள்.

"அப்பா, தண்ணி என்ன நிறம்?"

"நீலம்" என்றேன் பார்க்காமலே.

"வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். கரையில் தேத்தண்ணி நிறம். மரநிழலில் கறுப்பு. நடுவில் மட்டும் வானத்தின் சாம்பல். நீலம் எங்கேயும் இல்லை. இந்த நாட்டில் முப்பத்துமூன்று வருசம். இந்த மரங்களில் மேப்பிளைத் தவிர ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. போனுக்கு சிக்னலும் இல்லை, தேடிப் பார்க்க.

நாற்பது நிமிசத்தில் காற்று எழும்பி மழை வந்தது. வானம் முழுக்கச் சேறாகிவிட்டது. "எறியப் போறன்" என்று எழும்பினாள். அப்பா பலகையைப் பறித்துத் தன் ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டார். "எறியிறதெண்டா வீட்ட போய் எறியலாம். முதல் காயட்டும்." எனக்கு முகம் சுட்டது. அந்தப் பெட்டியைப் பற்றி அப்பா என்னை ஒரு சொல் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

மூன்று நாளில் ஐந்து பலகை. ஒன்றுதான் சரி என்று அவள் சொல்லுகிறாள். தொம்சன் தன் கடைசி வசந்தத்தில் நாளுக்கு ஒரு பலகை வீதம் வரைந்தார் என்று அங்கிருந்த வனக்காவலர் மார்க் றொபின்சன் பிறகு சொல்லியிருக்கிறார். பனி உருகுவதில் இருந்து இலை வரும் வரைக்கும், மழையோ வெயிலோ. அது என்ன உழைப்பு என்று ஐந்து பலகைக்குப் பிறகு எங்களுக்குக் கொஞ்சம் விளங்கியது.

நீங்கள் போவதென்றால்

மக்மைக்கலுக்கு அரைநாள் போதும். கொட்டிலை விட்டுவிட வேண்டாம். பக்கத்தில் ஒரு சின்ன மயானம் இருக்கிறது, குறூப் ஒஃப் செவன் ஓவியர்களில் ஆறு பேர் அங்கேதான். 'மேற்குக் காற்று' ரொறன்ரோ நகரத்தில் ஒன்ராறியோ ஓவியக் காட்சியகத்திலும், 'ஜாக் பைன்' ஒட்டாவா தேசியக் காட்சியகத்திலும் இருக்கின்றன.

அல்கோங்குவினுக்கு வாகன அனுமதியை முதலே இணையத்தில் எடுத்துவிடுங்கள். புரட்டாதிக் கடைசியில் மேப்பிள் சிவக்கும், சனமும் குவியும். வைகாசி நடுவில் இருந்து ஆனி வரைக்கும் கறுப்பு ஈ பிள்ளைகளைப் பிய்த்துவிடும். கனூவில் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம் போடுங்கள், அப்பாமார் மறுத்தாலும். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போகலாம். மிச்சத்தை வெளியில் வைக்காமல் காருக்குள் பூட்டுங்கள், கரடி இருக்கிற இடம்.

கராஜ் மூலை

திரும்பி வந்த கிழமை கராஜில் யன்னல் பக்கத்து மூலையை ஒதுக்கினேன். ஸ்நோ ரயர்களை ஷெட்டுக்கு மாற்றினோம். பழைய கதவு ஒன்றை அப்பா மேசையாக்கினார். காயாத பலகைகளைச் செருக, சுவரில் பள்ளம் பள்ளமாக ஒரு தட்டும் அடித்துக் கொடுத்தார். மகள் ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, அதற்குள் ஒரு டொலர் குத்தி போட்டாள். "வாடகை" என்றாள். நான் வேண்டாம் என்றேன். "அப்ப இது உங்கட இடமாப் போயிடும்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

கணக்கு ரியூசன் நிற்கவில்லை. அவள் ஓவியராக வருவாளா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தொம்சனுக்கே 34 வயது வரைக்கும் தெரியாது. எங்கட அப்பா அம்மாவிடம் எங்களுக்குத் தர ஒரு மூலை இருக்கவில்லை, ஒரு வருசமும் இருக்கவில்லை. அவர்கள் தந்தது படிப்பு. அந்தப் படிப்பால் எங்களிடம் இப்போது மூலை இருக்கிறது. ஒரு வைத்தியர் யாரோ ஒருவருக்குச் செய்ததை நாங்கள் சொந்தப் பிள்ளைக்குச் செய்யலாம்.

மழையில் சேறான அந்த முதல் பலகை அப்பாவின் அறையில் இருக்கிறது. யாருக்கும் தர மாட்டாராம். ஜாம் போத்தலில் நேற்று வரைக்கும் மூன்று டொலர்.